இடது இறக்கையில் ஒரு சாண்

பெட்டிக்குள் வைத்ததும் விமானம் ஆடியது.

அவள் முதலில் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டாள். நாளை காலை பத்து மணிக்கு அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டிய மாதிரி விமானம் அது. பதினான்கு மாத வேலை. வழியில் எந்தக் குலுக்கலுக்கும் அசையக்கூடாதென்று, உள்ளே கம்பளித் துணி ஒட்டி, உடலுக்கு ஒரு பள்ளம், வாலுக்கு ஒன்று, இறக்கைகளுக்கு இரண்டு என்று போன வாரம்தான் அளந்து அளந்து பெட்டியைச் செய்திருந்தாள். அன்று வைத்துப் பார்த்தபோது ஈறில் பல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. இன்று வலது இறக்கை கச்சிதமாக இருந்தது. இடது இறக்கையின் நுனியில் மட்டும் இடைவெளி. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். நுழைந்தது.

ஒன்பது மில்லிமீட்டர். அளவுகோலை எடுக்கத் தேவையே இல்லை. பல் செட் செய்யும் கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பவள் அவள். அங்கே அரை மில்லிமீட்டர் பிசகினால் யாரோ ஒருவர் ஒரு வாரம் சாப்பிட முடியாமல் தவிப்பார். அந்தக் கண்ணுக்கு ஒன்பது என்பது வாசல் கதவு.

விமானத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். இடது இறக்கையின் மேற்புறம் வழவழவென்று சாம்பல் நிறத்தில் மின்னியது. நன்றாக உற்றுப் பார்த்த பிறகுதான் அது தெரிந்தது. நுனிக்கு நாலு விரல் முன்னால், தலைமுடியை விட மெல்லிய ஒரு கோடு. யாரோ இறக்கையை அறுத்து, நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, நுனியைத் திரும்ப ஒட்டி, அவளுடைய பெயிண்டையே எடுத்துப் பூசியிருந்தார்கள். திருப்பினாள். அடிப்புறத்தில், துடைத்தும் போகாமல், நீலச் சாக்குக்கட்டியின் தடம்.

அவள் வேலையில் நீலச் சாக்குக்கட்டிக்கு இடமில்லை. அந்த வீட்டில் அதைக் காதில் செருகிக்கொண்டு திரிகிற ஆள் ஒருவர்தான்.

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் கணவனை மூன்று விதமாகக் கூப்பிட்டிருக்கிறாள். சாதாரணமாக 'ஏங்க'. மனசு குளிர்ந்திருந்தால் பெயரில்லாத ஒரு 'ம்ம்'. கோபம் தலைக்கேறினால் 'டெய்லர்'. கீழே தையற்கடைக்கு இறங்குகிற படிகள் பதினெட்டு. அவள் பாதி இறங்குவதற்குள் மனசுக்குள் டெய்லரை நாலு தடவை கூப்பிட்டிருந்தாள்.

கடையில் அவன் ஒரு கோட்டுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தான். பக்கத்து ஸ்டூலில் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்த காஜாக்கா, படியில் விழுந்த அடியின் சத்தத்தை வைத்தே நிலைமையைப் புரிந்துகொண்டு ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். அவனுக்குப் புரியவில்லை. தலை நிமிர்ந்து, பரிசு கொடுத்துவிட்டு நன்றிக்குக் காத்திருப்பவனைப் போலச் சிரித்தான்.

"கண்டுபிடிச்சிட்டியா? ஒட்டு தெரியாதுன்னு நெனச்சேன்."

"எதுக்கு வெட்டினீங்க?"

"ஒரு பக்கம் நீளமா போயிடுச்சும்மா. நேத்து நீ வேலைக்குப் போனப்புறம் டேப்பை வச்சுப் பார்த்தேன். ஒன்பது மில்லி. அத்தனை பெரிய மனுஷங்க வந்து பார்க்கிற இடம். உன்கிட்ட சொன்னா ஒடைஞ்சு போயிடுவ. அதான், சத்தமில்லாம சரி பண்ணிட்டேன்." அவன் குரல் கொஞ்சம் பெருமையாகவே ஒலித்தது. "நுனியைத் தொடவே இல்ல. கோட்டுக் கை நீளமா இருந்தா மணிக்கட்டுப் பக்கம் கை வைக்கமாட்டோம் இல்ல, தோள் பக்கம்தான் பிடிப்போம். அதே மாதிரி உள்ளே ஒரு துண்டு எடுத்துட்டு நுனியை அப்படியே சேர்த்துட்டேன்."

வேலை அப்பழுக்கில்லாதது. அதுதான் அவளை இன்னும் எரிய வைத்தது. மோசமாகச் செய்திருந்தால் நேற்றே கண்ணில் பட்டிருக்கும்.

"அது நீளமாதான் இருக்கணும்," என்றாள்.

அவன் சிரிப்பு அங்கேயே நின்றது.

"அந்த விமானமே அப்படித்தான். இடது இறக்கை ஒரு சாண் நீளம். அதுக்காகத்தானே இத்தனையும் செஞ்சேன்? உங்ககிட்ட மூணு தடவை சொன்னேன்."

"நீ எங்கம்மா சொன்ன?"

"சொன்னேன். மிஷின் ஓடிட்டிருந்தது. நீங்க 'ம்'னு சொன்னீங்க."

காஜாக்கா மெல்ல எழுந்து, டீ வாங்கி வருகிறேன் என்று யாரிடமும் கேட்காமலே கிளம்பினாள்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை. அந்தச் சண்டை விமானம் மொத்தம் பதினொன்றுதான் கட்டப்பட்டது. ஒன்றுகூட இன்று மிச்சமில்லை. மூக்கிலிருந்த விசிறி சுற்றுகிற வேகத்தில் விமானம் இடப்பக்கம் சாயும். அதைச் சமாளிக்கத் தொழிற்சாலைக்காரர்கள் நாலாவது விமானத்திலிருந்து இடது இறக்கையைச் சற்று நீளமாக்கினார்கள். ஆனால் வரைபடத்தைத் திருத்த மறந்தார்கள். அதை இயக்கிய படைப்பிரிவில் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தவர்களுக்கு மட்டும் இது தெரியும். அவர்கள் அதற்கு வைத்த பெயர் இடக்கையன்.

அவர்களில் ஒருவர் அவளுடைய அப்பா. ஃபிட்டர்.

நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு காலையில் இடக்கையன் ஒன்று மேலே ஏறும்போதே கவிழ்ந்து விழுந்தது. விமானி பிழைக்கவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் நொறுங்கிய இறக்கைகளைத் தரையில் பரப்பி அளந்தார்கள். கையிலிருந்த வரைபடத்தோடு ஒப்பிட்டார்கள். வரைபடத்தில் இரண்டும் சமம். அதற்கு முந்தின வாரம் இறக்கையைப் பூட்டிக் கையெழுத்துப் போட்டவர் அப்பா. பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? 'பொருந்தாத இறக்கையைப் பூட்டிய கவனக்குறைவு' என்று எழுதி, வேலையைப் பறித்து அனுப்பினார்கள். அப்பா சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. அந்த விமானியின் மனைவி படைப்பிரிவு வாசலில் நின்று அப்பாவை ஒரு பார்வை பார்த்தாளாம். அதற்குப் பிறகு முப்பது வருடம் அப்பா லிஃப்ட் பழுது பார்த்தார். எந்த லிஃப்டிலும் ஏறமாட்டார், படியில்தான் நடப்பார்.

அருங்காட்சியகம், இன்று ஒன்றுகூட மிஞ்சாத விமானங்களுக்கு மாதிரிகள் கேட்டபோது அவள் எழுதிப்போட்டாள். அங்கிருந்த காப்பாளர் அம்மா தேடிப்பிடித்து ஒரு புகைப்படம் அனுப்பினார். தொழிற்சாலை முற்றத்தில், உச்சி வெயிலில், நேர் எதிரே நின்று எடுத்த படம். இறக்கைகளின் நிழல் சதுரக் கற்கள் பதித்த தரையில் நேர்கீழே விழுந்திருந்தது. அவள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து கற்களை எண்ணினாள். இடது இறக்கைக்குக் கீழே பதினொன்று. வலதுக்குக் கீழே பத்தரைக்குச் சற்று மேல். அப்பா நாற்பத்தைந்து வருடமாகச் சொன்ன அந்த ஒரு சாண், தரையில் நிழலாகக் கிடந்தது.

நாளை குழுவினர் மாதிரியை அளப்பார்கள். அளவு படத்தோடு ஒத்துப்போனால் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, இடது இறக்கை நீளமாக இருப்பதே சரியான அமைப்பு என்று பலகையும் வைப்பதாக எழுத்தில் சொல்லியிருந்தார்கள். எண்பத்தொரு வயது அப்பா அதைப் படிக்கத்தான் காத்திருந்தார். மாடியில் பின்னறையில், நாளைக்கென்று டெய்லர் தைத்துக் கொடுத்த புதுச்சட்டை ஆணியில் தொங்கியது.

இதையெல்லாம் அவள் இப்போது மிஷின் ஓடாத கடையில், நின்றபடியே, முதல் தடவை சொல்வதுபோலச் சொன்னாள். அவன் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். முடிவில் அவன் முகம் பழைய துணி மாதிரி வெளுத்திருந்தது.

"நான் உனக்கு நல்லதுன்னுதான்..."

"அதைச் சொல்லாதீங்க. அதை மட்டும் சொல்லாதீங்க." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "போன வருஷம் எங்க முதலாளி இங்க கோட்டு அளவு கொடுக்க வந்தார். புதுக் கூடத்துக்கு என்னைத் தலைமையா போடலாம்னு இருக்கேன்னு உங்ககிட்ட சொன்னார். நீங்க என்ன சொன்னீங்க? 'தலைவலிக்காரி சார், அவளுக்கு அதெல்லாம் வேண்டாம்.' எனக்கு நல்லதுன்னு. மூணு மாசம் கழிச்சு வேற யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதையும் சத்தமில்லாமதான் சரி பண்ணீங்க."

அவன் மடியிலிருந்த நாடாவை விரலில் சுற்றத் தொடங்கினான்.

"ஊர்ல ஒருத்தருக்கும் ரெண்டு கையும் ஒரே நீளம் இல்லன்னு நீங்கதானே சொல்வீங்க? யாராவது ஒருத்தர் கையை வெட்டினீங்களா? சட்டையைத்தானே வெட்டினீங்க?"

டெய்லர் முன்னாலிருந்த கோட்டின் கையைப் பார்த்தான்.

எடுத்த துண்டு எங்கே என்று கேட்டாள். கட்பீஸ் மூட்டையில் போட்டதாகச் சொன்னான். அதற்குள் டீயோடு திரும்பிய காஜாக்கா, மூட்டையைக் காலையிலேயே பழைய துணிக்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று வாசலில் நின்றே தகவல் சொன்னாள். சொல்லிவிட்டு, இந்த வீட்டில் நறுக்கினதெல்லாம் நிமிஷத்தில் மூட்டையேறிவிடும், தானும் ஒரு நாள் அசந்து உட்கார்ந்தால் மூட்டைக்குள் போய்விடுவேன் என்றாள். யாரும் சிரிக்கவில்லை. காஜாக்கா இரண்டு டீயையும் தானே குடிக்க ஆரம்பித்தாள்.

"இறக்கையை நான் பார்த்துக்கறேன்," என்றாள் அவள். "நீங்க ஒண்ணு செய்யணும். மேல போய் அப்பாகிட்ட நீங்களே சொல்லணும்."

"மாமாகிட்டயா? இப்பவா? நாளைக்கு முடிஞ்சப்புறம் சொன்னா..."

"நாளைக்குச் சொன்னா அது மறைச்சது. அவர்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தன்கூட நேர்ல வந்து, நான்தான் தப்புன்னு சொன்னதில்ல. கடிதாசிதான் வந்தது. போங்க."

அவன் எழுந்தான். பதினெட்டு படியையும் ஒவ்வொன்றாக ஏறினான். அவள் பின்னாலேயே ஏறி, சாப்பாட்டு மேசையில் விமானத்தின் முன்னால் உட்கார்ந்தாள். பதினான்கு மாதமாக அந்த மேசையில் யாரும் சாப்பிட்டதில்லை. தட்டு எல்லோருக்கும் மடியில்தான். பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. ரேடியோ நின்றது கேட்டது.

கணவனின் குரல் நீளமாக, இடையிடையே தடுக்கி விழுந்து எழுந்து போயிற்று. நடுவில் ஒரு இடத்தில் அவன், வரைபடம் பார்த்தவர்கள் செய்ததையே தானும் செய்துவிட்டதாகச் சொன்னான். அந்த வாக்கியத்தை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனாகவே கண்டுபிடித்திருந்தான். அதோடு அவன் குரல் நின்றது. மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வலித்தன. அப்பா உடைந்து போனால், நாளைக்கு வரமாட்டேன் என்று திரும்பிப் படுத்துவிட்டால், இந்த ஆளை இந்த ஜென்மத்தில் மன்னிப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

அப்பாவின் குரல் வந்தது.

"எத்தனை மில்லி வெட்டினீங்க மாப்பிள்ளை?"

"ஒன்பது, மாமா."

"சரியா ஒன்பதா?"

"சரியா ஒன்பது."

கட்டில் சட்டத்தில் அப்பாவின் விரல் தட்டுவது கேட்டது. மனசுக்குள் இருபத்து நாலால் பெருக்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இருபத்து நாலில் ஒரு பங்காகச் சிறுத்த விமானம் அது.

"அப்போ என் பொண்ணு சரியாதான் செஞ்சிருக்கா," என்றார். "எனக்குக் கோபம் இருக்கு மாப்பிள்ளை. இல்லன்னு சொல்லமாட்டேன். நீங்க போங்க இப்போ. அந்த ரேடியோவை வச்சிட்டுப் போங்க."

அவன் வெளியே வந்தபோது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பழைய ஒட்டில் மெல்லிய ரம்பத்தை வைத்து அறுத்துக்கொண்டிருந்தாள். நுனி கழன்று கையில் வந்தது. இரண்டு முகத்திலும் ஊசித்துளை போட்டு, எஃகுக் கம்பி இரண்டைச் செருகி, நடுவே ஒன்பது மில்லிமீட்டர் விட்டு மெழுகால் சுற்றுச்சுவர் கட்டினாள். அந்த இடைவெளியை நிரப்பப் பல் செட்டுக்கு ஊற்றுகிற அக்ரிலிக் மாவுதான் வழி. வீட்டில் ஒரு டப்பா இருந்தது. ஈறு செய்கிற மாவு. நல்ல ரோஸ் நிறம்.

கூடத்துக்குப் போனால் வெள்ளை கிடைக்கும். போய்வர ஒன்றரை மணி நேரம். அவள் மாவில் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினாள். காரமான வாசனை அறை முழுக்க ஏறியது. ஊற்றியது பத்தாவது நிமிடத்தில் சூடாகி, பதினைந்தாவது நிமிடத்தில் இறுகியது. மெழுகைச் சுரண்டி, அரம் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, நாலு இடத்தில் அளந்தாள். ஒன்பது. ஒன்பது. ஒன்பது. ஒன்பது.

சாம்பல் இறக்கையின் நடுவே ஈறு நிறத்தில் ஒரு பட்டை, திறந்த வாய் மாதிரி.

மாலை வெயில் மேசைக்கு வந்தபோது அவனும் வந்தான். ஒரு கிண்ணத்தில் பெயிண்ட் கலந்து எடுத்து வந்திருந்தான். நிறம் பார்ப்பதில் அவனுக்கு நிகர் கிடையாது. அசல் சாம்பல், ஒரு இம்மி பிசகில்லை. சன்னமான பிரஷ்ஷும் கையில்.

"ரெண்டு கோட்டிங் போதும். காலைக்குள்ள காய்ஞ்சிடும். தெரியவே தெரியாது."

அவள் கையை நீட்டி பிரஷ்ஷை வாங்கவும் போனாள். பிறகு அந்தப் பட்டையைப் பார்த்தாள். இந்த ஒன்பது மில்லிமீட்டர்தானே அப்பாவின் முப்பது வருடம்? இதைத்தானே வெட்டி எறிந்தார்கள், இதைத்தானே பொருந்தாதது என்று எழுதினார்கள்?

"தெரியட்டும்," என்றாள்.

"அசிங்கமா இருக்காதா?"

"இருக்கட்டும். எதை வெட்டினாங்கன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியணும்."

அவனுக்குக் கை துறுதுறுத்தது. கோணலான படத்தைக் கண்டால் அடுத்தவர் வீட்டிலும் நேராக்கிவிட்டு வருகிற கை அது. கிண்ணத்தை மேசையில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். கடைசியில் குளியலறைக்குப் போய்க் கொட்டிவிட்டு வந்தான். தண்ணீர் ஓடும் சத்தம் வெகு நேரம் கேட்டது.

விமானத்தைப் பெட்டியில் வைத்தாள். ஆடவில்லை.

மறுநாள் அருங்காட்சியகத்தில் காப்பாளர் அம்மாவும் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் மூவரின் கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. மூத்த பொறியாளர், இத்தனை நேர்த்தியான வேலையில் இது என்ன ரோஸ் பட்டை என்று கேட்டார். அவர் குரலில் பரிதாபம் இருந்தது. அவள் பதில் சொல்வதற்குள் டெய்லர் முன்னால் வந்தான்.

"நான் வெட்டினது சார். தப்புன்னு நெனச்சு வெட்டிட்டேன். அவ திரும்பச் சேர்த்தா."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, பொறியாளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூத்தவர் அளவுகருவியை எடுத்தார். வலது இறக்கையை அளந்தார், இடதை அளந்தார், காகிதத்தில் கழித்தார், பெருக்கினார். புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக் கற்களை எண்ணினார். இன்னொருவரிடம் காட்டினார். அவரும் எண்ணினார்.

"இருபத்தொண்ணரைக்குக் கொஞ்சம் மேல வருது," என்றார் கடைசியில். "இருபத்தொண்ணு புள்ளி ஆறு சென்டிமீட்டர்."

புதுச்சட்டையில், நாற்காலியில் உட்காராமல் நின்றிருந்த அப்பா வலது கையை நீட்டி, கட்டை விரலையும் சுண்டு விரலையும் எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரித்துக் காட்டினார்.

"ஒரு சாண்," என்றார். "அன்னிக்கே சொன்னேன்."

மூத்த பொறியாளர் அந்தக் கையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, அளவுகருவியை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். காப்பாளர் அம்மா அந்தப் பட்டைக்குப் பெயிண்ட் அடித்துத் தரமுடியுமா என்று கேட்கத் தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, பலகையில் அதைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்துவிடலாம் என்றார். அப்பா பலகைக்கான வாசகம் எழுதிய தாளை மூக்குக்கு நேரே பிடித்து இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை படிக்கும்போது உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா படுக்கப் போனார். சாப்பாட்டு மேசை வெறுமையாக, அகலமாக, யாருடையதோ போலக் கிடந்தது. அவள் புகைப்படத்தின் நகலை உறையிலிருந்து எடுத்து, பூதக்கண்ணாடியோடு மேசையின் நடுவில் வைத்தாள். கீழே கடையிலிருந்து மிஷின் சத்தம் வரவில்லை. கணவன் படியேறி வந்து எதிரே உட்கார்ந்தான்.

"இன்னும் கோபமாதான் இருக்கேன்," என்றாள்.

"தெரியும்."

"முதலாளி விஷயத்துக்கும் சேர்த்துதான்."

"திங்கக்கிழமை நானே அவரைப் பார்த்து..."

"நீங்க ஒண்ணும் பார்க்க வேண்டாம். நான் பார்த்துக்கறேன். நீங்க கல்லை எண்ணுங்க."

அவன் கண்ணாடியைக் குனிந்து பிடித்தான். இடது இறக்கையின் நிழல்மேல் விரலை நகர்த்தி, உதடு அசைய எண்ணி, பதினொன்று என்றான். வலது இறக்கைக்குப் போனான்.

"பத்தரை."

"மறுபடி எண்ணுங்க."

மறுபடி எண்ணினான். இந்த முறை வெகு நேரம் பிடித்தது. கடைசிக் கல்லில் விரல் நின்று, தயங்கி, ஒரு நூலிழை நகர்ந்தது.

"பத்தரைக்குக் கொஞ்சம் மேல," என்றான்.

"ம்ம்," என்றாள் அவள்.